மதிப்பெண் வேறு, பொருத்தம் வேறு

திருத்தணி வாசகர் ஒருவர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஆளுக்கு ஆள் மூளை வேறுபடுமே, ஆராய்ச்சியாளர்கள் எப்படி ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள்?"

ஒரு பொது மாதிரிமேல் ஒவ்வொரு மூளைப் படத்தையும் நீட்டி, சுருக்கி, வளைத்துக் கணினி பொருத்துகிறது. இத்தகைய மாதிரிகளில் ஒன்றாக 1988இல் வந்த தலைராக் என்ற மூளை வரைபடம் 60 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. பிறகு மான்ட்ரியலில் 305 பேரின் படங்களைச் சராசரியாக்கினார்கள். அதன் வழிவந்த மாதிரிகளே இன்று உலகெங்கும் புழங்குகின்றன.

சிக்கல் இரைச்சலில் இருக்கிறது. எந்த ஸ்கேனிலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் படியும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் படம் எடுக்க வேண்டும்; அவ்வளவு நேரம் நோயாளி அசையாமல் கிடப்பதும் கடினம். மார்கழி விடியலில் எங்கள் தணிகை மலையைப் பனி மூடும்போது பாறைச் சரிவு முழுக்க ஒரே வெளிறல். கோபுரத்தின் விளிம்பைப் பிடித்துத்தான் கண் இடத்தைக் கணிக்கும். இரைச்சல் படிந்த மூளைப் படத்திலும் துல்லியத்தைத் தருவது விளிம்புகளே: சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் கோடு, நடுவிலுள்ள நீர் அறைகளின் சுவர். விளிம்பில்லாத இடத்தில் கணினி சொல்வது ஊகம்தான்.

இரு படங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணினி ஒரு மதிப்பெண் தரும். ஊகத்துக்கும் அது நல்லதாகக் கிடைத்துவிடும் என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. 2012இல் டார்ஸ்டன் ரோல்ஃபிங் என்ற ஆய்வாளர் வேண்டுமென்றே ஒரு மோசமான நிரலை எழுதினார். அது ஒரு படத்தின் புள்ளிகளை ஒளி அளவின்படி வரிசையாக்கி, மற்றதில் அதே வரிசையிலுள்ள புள்ளிகளின் இடத்தில் வைத்துவிடும். உடற்கூறு எதையும் பார்க்காது. 'முழுக்கப் பயனற்ற கருவி' என்றே அதற்குப் பெயரிட்டார். ஆனால் வழக்கமான ஒற்றுமை அளவுகோல்களில் அது மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியது! மூளையின் சிறு சிறு உறுப்புகள் தம் இடத்தில் விழுந்தனவா என்று தனித்தனியே சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பொருத்தும் நிரலுக்கு அளவுமீறி வளையும் சுதந்திரம் தந்தால் அது இரைச்சலையும் இரைச்சலோடு பொருத்திவிடும். மதிப்பெண் ஏறும், உண்மை விலகும்.

மாதிரியே நமக்கு அந்நியமானால் வளைக்க வேண்டியதும் கூடும். 2019இல் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. குழுவினர் இளைஞர்கள் 100 பேரின் படங்களிலிருந்து இந்திய மாதிரியை உருவாக்கினர். மேலை, சீன, கொரிய மாதிரிகளைவிட அது சராசரியில் சிறியது. இதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. அளவுகோல் மாற வேண்டும் என்பதே செய்தி. 2020இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு 6 முதல் 60 வயதுவரை உள்ளவர்களை ஐந்து பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி தந்தது.

ஆனாலும் மென்பொருளோடு வரும் மான்ட்ரியல் மாதிரியையே யோசிக்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. ஆராய்ச்சிக்கு வரும் நம் பிள்ளைகள் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: நம் மக்களின் மாதிரியை முதலில் போட்டுப் பார்ப்பது; கணினி தரும் ஒற்றை மதிப்பெண்ணில் நிறைவடையாமல், உடற்கூறு அறிந்தவர் குறித்த இடங்களோடு ஒப்பிட்டு, பிழை இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவது. பிழையைச் சொல்லாத படத்தை வைத்து நோயைப் பற்றி முடிவு சொல்ல யாருக்கும் உரிமையில்லை.