பழி எழுதிய ஏடே சாட்சி சொன்னது

நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். வழக்குக் கட்டை நாடாவால் கட்டி அலமாரியில் அடுக்கிவிடுவர். பின்பு அதைக் கறையான்தான் படிக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. ஆனால் அக்கட்டுக்குள் உறங்குவது வெறுங் காகிதமன்று. ஒரு மனிதனின் மானமும் உயிரும் அதில் அடங்கியிருக்கின்றன. தீர்ப்புத் தவறியிருப்பின், அதனைத் திருத்தவும் அந்தக் கட்டே துணை. இவ்வுண்மைக்கு நாம் நன்கறிந்த புனிதை ஒருவரின் வரலாறே சான்றாகும்.

புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் வீரத்தை ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். பிரெஞ்சு நாட்டை ஆங்கிலேயர் பிடியினின்று மீட்கப் படையுடன் சென்ற அந்தக் குடியானவர் வீட்டுப் பெண், 1430 மே மாதத்தில் கொம்பியேன் நகரருகே சிறைப்பட்டாள். அடுத்த ஆண்டு ரூவான் நகரில், ஆங்கிலேயர் காவலில், அவர்கள் பக்கம் சாய்ந்திருந்த போவே நகர ஆயர் பியேர் கொஷோன் தலைமையில் விசாரணை நடந்தது. 1431 மே 30ஆம் நாள் பழைய சந்தைத் திடலில் அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள். அப்பொழுது அவளுக்கு வயது ஏறத்தாழ 19.

அவள் உடல் சாம்பலாயிற்று. அவள் சொற்களோ சாம்பலாகவில்லை. மன்றத்தில் கேட்ட கேள்விகளும் அவள் சொன்ன விடைகளும் அன்றன்றே எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்களுள் முதன்மையானவர் கியோம் மான்ஷோன் என்னும் குருவானவர். வேறு எழுத்தர் சிலரை மறைவில் அமர்த்தி, ஜோனுக்குச் சாதகமானவற்றை விடுத்து எழுதச் செய்தனர் என்றும், அதற்கிணங்கத் தம் ஏட்டை மாற்றும்படி தம்மையும் நெருக்கினர் என்றும் அவர் பின்னாளில் சாட்சி கூறினார். அவர் அதற்கு இசையவில்லை. கருத்து மாறுபட்ட இடங்களில் ஓரத்தில் குறியிட்டு, அவளையே மீண்டும் கேட்குமாறு விட்டார்.

மான்ஷோன் அஞ்சா நெஞ்சர் அல்லர். அச்சத்தோடுதான் அந்த அவையில் அமர்ந்திருந்தார். ஆயினும் ஜோன் இறந்த பின், அவளுக்கு எதிராகச் சேர்க்கப்பட்ட வாக்குமூலங்களில் கையொப்பமிட மறுத்துவிட்டார். கையொப்பம் இல்லாத அப்பகுதி இன்றும் அவ்வாறே காணப்படுகிறது. தமக்குக் கிடைத்த கூலியில் ஒரு பகுதியைக் கொண்டு, அவளுக்காக மன்றாடும் பொருட்டுப் பூசைப் புத்தகம் ஒன்றை வாங்கியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

1449இல் ரூவான் மீண்டும் பிரெஞ்சு மன்னன் கைக்கு வந்தது. மறு ஆண்டே பழைய வழக்கை ஆராயும் முயற்சி தொடங்கிற்று. 1455இல் ஜோனின் தாய் இசபெல் அம்மையாரின் விண்ணப்பத்தை ஏற்று, பாப்பரசர் மூன்றாம் கலிஸ்துஸ் மறுவிசாரணைக்கு உத்தரவளித்தார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், பாரிஸ் நகரத் தேவமாதா பேராலயத்தில், அந்த முதிய தாய் தம் மகளுக்கு நீதி கேட்டு நின்றார்.

இங்கேதான் பழைய ஏடு பேசத் தொடங்கியது. மான்ஷோன் தம் கைப்பட எழுதிய பிரெஞ்சுக் குறிப்பேட்டை நீதிபதிகளிடம் ஒப்படைத்தார். ஜோனைக் கண்டனம் செய்ய அடிப்படையாயிருந்தவை 12 குற்றக் கூற்றுகள். அவற்றைக் கொண்டே பாரிஸ் பல்கலைக்கழகமும் கருத்துரைத்திருந்தது. ஆனால் அக்கூற்றுகள் அவளுக்கு வாசித்துக் காட்டப்படவேயில்லை. அவள் சொன்னவற்றோடு அவை பொருந்தவுமில்லை. பாப்பரசரிடம் தன்னை அனுப்புமாறு அவள் கேட்டதும் ஏட்டிலேயே இருந்தது. அவள் கையொப்பமிட்ட மறுப்புரை சில வரிகளே கொண்டது, பரலோக மந்திரம் சொல்லும் நேரத்தில் படித்து முடிக்கத்தக்கது என்று கண்ணால் கண்டவர்கள் சாட்சி கூறினர். ஏட்டில் சேர்க்கப்பட்டிருந்ததோ அதனினும் பன்மடங்கு நீண்டது!

ஏறத்தாழ 115 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1456 ஜூலை 7ஆம் நாள் ரூவான் நகரிலேயே, முந்திய தீர்ப்புச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தாய் அதைக் கேட்கும் வரை உயிரோடிருந்தார்.

இந்த ஏடுகள் வரலாற்றுக்குச் செய்த தொண்டும் சிறிதன்று. மறுவிசாரணையில் தோம்ரெமி கிராமத்துக் குடியானவர்களும் அழைக்கப்பட்டனர். ஜோன் நூல் நூற்றாள், ஏர் உழவிலும் உதவினாள் என்று அவர்கள் கூறினர். மாலையில் மணி அடிக்கத் தவறினால் அவள் தம்மைக் கடிந்துகொள்வாள், ஒழுங்காய் அடித்தால் பரிசு தருவதாகவும் சொல்வாள் என்றார் அவ்வூர்க் கோயில்பிள்ளை. எந்த அரச வரலாறும் எழுதாத ஓர் ஏழைக் கிராமத்தின் வாழ்வு, நீதிமன்ற ஏட்டினால் அன்றோ நமக்குக் கிடைத்தது! ழூல் கிஷெரா என்னும் அறிஞர் 1841 முதல் 1849 வரை இவ்வேடுகளை ஐந்து தொகுதிகளாக அச்சிட்டார். அதன்பின் கட்டுக்கதை எது, மெய் எது என்று பகுத்தறிய வழி பிறந்தது. 1920இல் திருச்சபை ஜோனைப் புனிதையாக உயர்த்தியது.

ஏட்டில் இருப்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது என்பதையும் இவ்வரலாறு கற்பிக்கிறது. ஏட்டை ஏட்டோடு ஒப்பிட வேண்டும். எழுதியவன் யார், எவருக்கு அஞ்சினான், எதை விட்டான் என்று கேட்க வேண்டும். பிறர் அவமானத்தைத் துழாவிச் சுவைப்பதற்காகவன்றி, நீதிக்காகவே அதைத் திறக்க வேண்டும்.

இன்று நம் நாட்டில் நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றைக் கணினியிலேயே எவரும் படிக்கலாம். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். நம் பங்கில் துன்புறும் குடும்பம் எதுவாயினும், அந்த நகலைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்தச் சொல்வோம். படித்தவர்கள் படிக்காதவருக்கு அதை வாசித்துக் காட்டட்டும். எழுத்து வேலை செய்யும் நம் பிள்ளைகள் மான்ஷோனை நினைத்துக்கொள்ளட்டும். அவர் அந்தச் சிதையின் நெருப்பை அணைக்கவில்லை. தாம் கேட்டதைக் கேட்டபடியே எழுதி வைக்க முயன்றார். 25 ஆண்டுகள் கழித்து ஒரு தாய்க்கு நீதி கிடைக்க அதுவே உதவிற்று.