நடந்து வந்தவர்கள்



நமது மேடைகளில் பழம்பெருமை பேச வேண்டிய வேளைகளிலெல்லாம் தவறாமல் ஒலிக்கும் பாட்டு ஒன்று உண்டு. உலகில் முதலில் தோன்றிய குடி நம்முடையதே என்று நெஞ்சை நிமிர்த்துவதற்காக அது எடுத்தாளப்படும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வருவது அது. நூலைத் திறந்து படித்தவர்களுக்குத் தெரியும்: மனித இனத்தின் வரலாற்றைச் சொல்ல வந்த பாட்டல்ல அது. வாள் பிடித்த ஒரு மறக்குடியின் வீரத்தையும் தொன்மையையும் புகழ வந்த பாட்டு. புகழுரையை வரலாறாக்கியது நாம்.

"முதலில் வந்தவர் யார்?" என்ற கேள்வி மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் பாதகமில்லை. இந்த நாட்டில் அது சட்டமாகவும் வந்தது. மலையகத்தில் பிறந்து, மலையகத்திலேயே மடிந்த மக்களை நோக்கி, "நீ எப்போது வந்தாய்? உன் தகப்பன் எங்கே பிறந்தான்?" என்று 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கேட்டது. ஆகவே, மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வி பாடப்புத்தகக் கேள்வி மட்டுமல்ல. லயத்து வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்வியும் கூட. அதற்கு விடை தேட நாம் ஆபிரிக்காவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மஸ்கெலியாவிலிருந்தே தொடங்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மஸ்கெலியாப் பகுதியில் ஜோன் போல் என்றொரு தேயிலைத் துரை இருந்தார். பூச்சி, புழு, கல், மண் என்று எதையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் உடையவர். தோட்டத்து நிலத்தில் கிடந்த வெள்ளைப் படிகக்கற்கள் சில, தாமாக உடைந்தவை போல அல்லாமல், ஒரு கை வேண்டுமென்றே தட்டிச் செதுக்கியவை போல இருப்பதை அவர் கண்டார். அவற்றைச் சேகரித்தார். புண்டலுஓயாவில் தோட்டம் பார்த்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஈ. ஈ. கிறீன் என்பவரும் இத்தகைய கற்களைப் பொறுக்கிச் சேர்த்தார். இலங்கையின் கற்கால மனிதன் விட்டுச்சென்ற கருவிகளை முதன்முதலில் இனங்கண்டவர்கள் வரிசையில் இவ்விருவரும் நிற்கின்றனர். 1907இல் சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர்களான சரசின் சகோதரர்கள் இலங்கையின் குகைகளைத் தோண்டி ஆராய்ந்தனர். போல் 1913இல் இக்கருவிகளைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டார்.

பதிவில் இருப்பது துரையின் பெயர். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அடர்ந்த காடு மூடியிருந்த மட்டும் அந்தக் கற்கள் யார் கண்ணிலும் பட்டிருக்க முடியாது. காட்டை வெட்டி, கானை வெட்டி, மண்ணை வெயிலுக்கும் மழைக்கும் திறந்துவிட்ட பின்னரே அவை வெளியே தலைகாட்டின. வெட்டிய கைகள் யாருடையவை என்பதை மலையக வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கற்கள் அளவில் மிகச் சிறியவை. சில, விரல் நகத்திற்கு மேல் பெரிதில்லை. நுண்கற்கருவிகள் என்று இவற்றைக் கூறுவர். கூரிய சில்லுகளைத் தடியிலோ எலும்பிலோ பொருத்திப் பயன்படுத்தியிருக்கின்றனர். தமிழ்நாட்டில், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் திகதி ரொபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கோடரியோ வேறுவகை: கை நிறையப் பிடிக்கும் பருமனுடையது. அதே வகைக் கோடரிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழு மேற்கொண்ட ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011இல் தெரிவித்தது.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நம்மைப் போன்ற மனிதர் உலகில் எங்குமே இல்லை. ஆகவே அத்திரம்பாக்கத்து மிகப் பழைய கோடரியைச் செய்தவன் தமிழனல்ல; நாம் சேர்ந்த மனித வகையைச் சேர்ந்தவனுமல்ல. நமக்கு முன்னர் வாழ்ந்து மறைந்த வேறொரு மனித வகை அது. மனித வகைகள் பல இருந்தன. இன்று எஞ்சியிருப்பது ஒன்றே.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இப்போதுள்ள குரங்குகள் ஏன் மனிதராக மாறவில்லை?" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். தோட்டத்து ஓரக் காட்டில் தாவும் குரங்கு நமக்குப் பாட்டனல்ல, தூரத்துப் பங்காளி. நமக்கு மிக நெருங்கிய பங்காளியான சிம்பன்சியும் நாமும் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து கிளை பிரிந்தோம். அதன்பின் ஒவ்வொரு கிளையும் தன்தன் வழியே வளர்ந்தது. நம்முடைய கிளையில் முதலில் மாறியது மூளையல்ல, கால். எதியோப்பியாவில் 1974இல் எடுக்கப்பட்டு 'லூசி' என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூட்டிற்கு 32 இலட்சம் ஆண்டு வயது. அவளது மூளை ஏறக்குறைய சிம்பன்சியின் மூளையளவு சிறியது. ஆனால் அவள் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தாள். சிந்திப்பதற்கு வெகுகாலம் முன்னரே நாம் நடக்கத் தொடங்கிவிட்டோம்!

நம்முடைய சொந்த வகை ஆபிரிக்காவிலே உருவானது. மொரொக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகள் அதன் தொடக்கத்தைச் சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுசெல்கின்றன. அங்கிருந்து அலை அலையாகப் புறப்பட்டவர்களில் ஒரு சாரார் ஆசியாவின் தென்பகுதி வழியே கிழக்கு நோக்கி நடந்தனர். மதுரைக்கு அருகே ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்சும் மேற்கொண்ட மரபணு ஆய்வில், அந்தப் பழைய பயணத்தின் சுவடு உயிரோடிருக்கும் மனிதரின் இரத்தத்திலேயே காணப்பட்டது. அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளிடமும் காணப்படும் அடையாளம் அது.

அந்த நடை மதுரைச் சீமையோடு நின்றுவிடவில்லை. உலகம் பனியுறைந்து கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில், ஆழம் குறைந்த பாக்கு நீரிணைப் பகுதி தரையாகக் கிடந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றிருப்பதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. இலங்கை அன்று தீவல்ல. மன்னார்ப் பக்கமாக நடந்தே வரலாம். பனி உருகிக் கடல் ஏறியபின் தான் நமது நாடு தனித்தீவாயிற்று.

வந்தவர்கள் எங்கே போனார்கள்? ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு பஸ் ஏறியவர்கள், மலை இறங்கும்போது கித்துல்கலையைக் கடந்திருப்பீர்கள். அங்கே மழைக்காட்டுக்குள் பெலிலென என்ற பெரும் கற்குகை இருக்கின்றது. தொல்பொருள் திணைக்களத்தினர் சிரான் தெரணியகலையின் காலத்தில் அதை அகழ்ந்தனர். மனித எலும்புகளும் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. 2022இல் வெளியான ஆய்வொன்று, 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே மனிதர் கல் செதுக்கினர் என்று காட்டியது. சிரானின் தந்தையார் பி. ஈ. பி. தெரணியகலை பலாங்கொடை மனிதன் என்று உலகுக்கு அறிமுகப்படுத்தியது இத்தகைய மக்களைத்தான். குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, புலத்சிங்களப் பகுதியிலுள்ள பாஹியன் குகை ஆகியனவும் அவர்களது வசிப்பிடங்களே. நுவரெலியாவுக்கு அப்பால், குளிர் நடுக்கும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அவர்களது கற்கள் கிடைத்துள்ளன.

இந்தக் குகைகள் உலக அறிஞர்களின் பழைய எண்ணம் ஒன்றையே மாற்றிவிட்டன. மழைக்காடு மனிதனுக்குப் பகை. அட்டைக்கடியும் ஓயாத மழையும் நிறைந்து, பெருவிலங்கு அரிதான அந்த இருட்டில் வேட்டையாடி மனிதன் பிழைக்க முடியாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பாஹியன் குகை மனிதரோ, ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, மரக்கிளையில் தாவும் குரங்கையும் மலை அணிலையும் குறிவைத்து வேட்டையாடினர். குரங்கின் எலும்பையே கூராக்கி ஆயுதமுனை செய்தனர். அம்முனைகளில் பல அம்பு முனைகள் என்று 2020இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. கெக்குன விதையும் காட்டுப்பலாவும் காட்டுவாழையும் இக்குகை மனிதரின் உணவாயின. 2015இல் அவர்களது பற்களின் எனாமலை ஆராய்ந்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தது தெளிவாயிற்று. அதேவேளை கடற்சிப்பி மணியும் சுறாப்பல்லும் உள்நாட்டுக் குகைகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கடற்கரையோடும் அவர்களுக்குத் தொடர்பு இருந்திருக்கின்றது.

மனித இனத்தின் பரிணாமத்தில் நம்மை மற்ற வகைகளிலிருந்து பிரித்துக் காட்டும் குணம் இதுவே என்று இன்று பலர் கருதுகின்றனர். நமக்கென்று ஒரே ஒரு நிலம் இல்லை. பாலைவனமோ பனிநாடோ மழைக்காடோ, போய்ச் சேர்ந்த நிலத்தைக் கற்றுக்கொண்டு அதை ஊராக்கிக்கொள்ளும் வகை நாம்.

இப்போது மன்னார்ப் பாதைக்குத் திரும்புவோம். 1820களிலிருந்து, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று வறண்ட சீமைகளிலிருந்து வந்த நமது முன்னோர், கடலைத் தோணியில் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். எஞ்சியவர்கள் முன்பின் கண்டிராத குளிரையும் மழையையும் அட்டையையும் கற்றுக்கொண்டார்கள். கோப்பிக்காடும் பின்னர் தேயிலை மலையும் அவர்கள் கையால் எழுந்தன. 45,000 ஆண்டுகளுக்கு முன் வந்தவன் எப்படி இந்த மலையைக் கற்றானோ, அப்படியே இவர்களும் கற்றார்கள். அவனை ஆதிமனிதன் என்று நூதனசாலையில் போற்றுகிறோம். இவர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் தான் வந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தனர், இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து.

இதைக் கொண்டு, "எல்லோரும் வந்தவர்தாம், ஆகவே எவருக்கும் எதுவும் சொந்தமில்லை" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. வேடர் சமூகத்தினருக்கும் அந்தக் குகை மனிதருக்கும் உடலமைப்பில் தொடர்ச்சி உண்டென்று கென்னத் கென்னடி போன்ற மானிடவியலாளர் காட்டியுள்ளனர். அவர்களது காட்டுரிமை மதிக்கப்பட வேண்டியது. நான் சொல்ல வருவது வேறு. உரிமை என்பது வந்த திகதியால் மட்டும் அளக்கப்படுவதல்ல. நிலத்தைக் கற்று, அதில் உழைத்து, அதற்குள்ளேயே அடங்கியவர்களுக்கு அந்த நிலம் அந்நியமல்ல.

அடங்கியவர்கள் என்றதும் சி. வி. வேலுப்பிள்ளை நினைவுக்கு வருகிறார். தேயிலைச் செடிகளின் அடியில் நடுகல்லுமின்றிப் புதையுண்ட தம் மக்களை அவர் ஆங்கிலத்தில் பாடினார். சக்தி பால ஐயா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். குகையில் கிடந்த எலும்பு கூரையின் காப்பில் பல்லாயிரம் ஆண்டு தாங்கியது. தேயிலைச் சரிவின் மண்ணோ புளிப்பு மண். இடைவிடாத மழையில் எலும்பைக் கரைத்துவிடும். நாளைய அகழ்வாளர் ஒருவர் அங்கே தோண்டினால், கல்லால் எடுத்த கான்களும் தேய்ந்த கவ்வாத்துக் கத்தியும் கிடைக்கலாம், மனிதர் கிடைக்கமாட்டார்.

ஆகவே எழுத்திலே காக்க வேண்டியிருக்கின்றது. உங்கள் வீட்டில் பாட்டன் பாட்டி நடந்து வந்த கதை தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பின், இந்த வாரமே ஒரு கொப்பியில் அதை எழுதி வையுங்கள். போல் துரைக்குக் கல் கிடைத்தது. நமக்குச் சொல் இருக்கின்றது.