டவுசரை நனைக்கும் பையனை அடிக்காதீர்கள்! குடல் ஆபரேஷன் முடிந்தும் தீராத தொல்லை

பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் "ஓ"வென்று கத்திக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள்.

ஒரு பையன் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. டவுசரில் மலம் கசிந்துவிட்டது!

வீட்டுக்குப் போனால் அங்கேயும் பூசை விழும். "எட்டு வயசு ஆகுது. வெளிக்கு வருதுன்னு சொல்லத் தெரியாதா?" என்று தாயார் திட்டுவார்.

"வந்ததே தெரியலைம்மா" என்பான் பையன். அவன் சொல்வது உண்மை!

கைக்குழந்தையாக இருந்தபோது குடல் ஆபரேஷன் நடந்த பல பிள்ளைகளின் நிலை இது. "அதான் ஆபரேஷன் பண்ணி சரியாப் போச்சே" என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள்.

நரம்பு இல்லாத குடல்

சுமார் 5 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பிறவிக் கோளாறு வருகிறது. ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போது, குடலை இயக்கும் நரம்பு அணுக்கள் மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். சில குழந்தைகளுக்கு அவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே உள்ள குடல் விரியாது. இறுகிப்போய்க் கிடக்கும். மலம் மேலே தேங்கும். வயிறு பானை போல் உப்பும்.

பிறந்து 2 நாள் ஆகியும் குழந்தை முதல் கறுப்பு மலம் கழிக்காவிட்டால் டாக்டர்கள் சந்தேகப்படுவது இதனால்தான்.

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகர டாக்டர் ஹிர்ஷ்பிரங் 1886-ம் ஆண்டில் இந்த நோய் பற்றி விளக்கினார். அவர் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது.

வீங்கிய குடலில்தான் கோளாறு என்று வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையான குற்றவாளி அதற்குக் கீழே, ஒன்றும் தெரியாதது போல் ஒல்லியாக இருந்த குடல்! அமெரிக்க டாக்டர் ஸ்வென்சன் அதை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் ஆபரேஷனை 1948-ல் வெளியிட்டார். பல மாறுதல்களுடன் அந்த முறைதான் இன்றும் நடக்கிறது.

பிறகு ஏன் தொல்லை?

மலத்தைத் தேக்கிவைக்கும் கடைசிப் பை பெரும்பாலும் ஆபரேஷனில் போய்விடுகிறது. ஆசனவாயின் உள்தசை சிலருக்கு இறுகியே இருக்கும். சிலருக்கு அது தளர்ந்துவிடும்.

இறுகினால் மலச்சிக்கல். தளர்ந்தால் கசிவு.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. உள்ளே மலம் கல்லாகக் கட்டியிருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் மட்டும் வழியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை நிறுத்த மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். கட்டு இன்னும் இறுகும்! எந்த வகைக் கசிவு என்று டாக்டர் சோதித்துப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கவேண்டும். ஒருவனுக்குக் கேட்கும் பேதி மருந்து இன்னொருவனை மோசமாக்கிவிடும்.

சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசையும். அந்த நேரம் பார்த்து தினமும் பையனைக் கக்கூசில் உட்கார வைக்கலாம். சிலருக்கு டாக்டர் சொல்படி எனிமா கொடுத்து ஒரேயடியாகக் குடலைக் காலி செய்துவிட்டால், பள்ளிக்கூட நேரம் முழுவதும் கவலையில்லை. வளர வளர பலருக்குத் தொல்லை குறைகிறது.

உடனே ஓடுங்கள்!

ஒன்று மட்டும் காத்திருக்காது. வயிறு திடீரென்று உப்பி, காய்ச்சல் அடித்து, நாற்றத்துடன் மலம் பீய்ச்சி அடித்தால், குடல் அழற்சியாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து! ஆபரேஷன் நன்றாக முடிந்த குழந்தைக்கும் இது வரும். முதல் சில ஆண்டுகளில் அதிகம். கை வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். போனவுடன் பழைய ஆபரேஷனைச் சொல்லிவிடவேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குச் செய்யவேண்டியது அதிகம் இல்லை. பையில் ஒரு மாற்று டவுசர். வாசல் பக்கம் ஓர் இடம். கேட்காமலே வெளியே போய்வர டீச்சரின் அனுமதி. அதை மற்றப் பிள்ளைகள் எதிரில் சொல்லாமல், பையனிடம் தனியாகச் சொல்லிவிட்டால் போதும்.