வெசாக் கூடும் ஆறு குச்சிகளும்

மே மாதம் வந்துவிட்டால் இரத்தினபுரியில் வீட்டுக்கு வீடு வெசாக் கூடுகள் தொங்கும். சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையிலுள்ள எல்லோரும் சேர்ந்து ஆளுயரக் கூடொன்று கட்டினோம். "நங்கி, நீயும் வா" என்று அயல்வீட்டுச் சிங்கள அக்கா கூப்பிட்டார். உம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தார்.

நாங்கள் கட்டியது அட்டபட்டம் என்னும் வழக்கமான கூடு. சிங்களத்தில் 'அட்ட' என்றால் எட்டு. மூங்கிலைச் சீவி, ஒரே அளவில் 24 குச்சிகள் வெட்டி, நான்கு நான்காகக் கட்டினால் 6 சதுரங்கள் கிடைக்கும். அவற்றை மூலையோடு மூலை சேர்த்துக் கட்டினால், பெயருக்குப் பொருத்தமாக இடையில் 8 முக்கோணங்கள் தாமாகவே அமையும். மொத்தம் 14 முகங்கள், 12 உச்சிகள். பட்டை தீட்டிய கல்லைப் போன்ற இவ்வடிவம், ஆக்கிமிடிஸின் பெயரால் வழங்கும் 13 திண்மங்களுள் ஒன்று. இதில் ஒரு விசேடம் உண்டு: மையத்திலிருந்து உச்சிக்குள்ள தூரமும் குச்சியின் நீளமும் சமம். அதனால் மூன்றடிக் குச்சிகளால் கட்டிய எங்கள் கூடு, எதிர் மூலைகளுக்கிடையே சரியாக ஆறடி இருந்தது.

கயிறு போட்டுத் தூக்கினோம். கூடு முறுகிச் சரிந்தது. அவிழ்த்துக் கட்டினோம், மீண்டும் சரிந்தது. முடிச்சுப் போட்டவன் அக்காவின் பத்து வயதுத் தம்பி. எல்லோரும் அவனை ஏசினார்கள். நானும் ஏசினேன். அவன் அழுதுகொண்டே வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் கணித ஆசிரியையிடம் கேட்டேன். முக்கோணத்தின் பக்கங்கள் மாறாவிட்டால் வடிவமும் மாறாது. சதுரமோ பக்கங்கள் மாறாமலே சாய்சதுரமாகிவிடும் என்றார். மக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 1864இல் எழுதிய விதியையும் சொன்னார். தனித்து நிற்கும் சட்டகம் அசையாதிருக்க, மூட்டுகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்து வரும் அளவு குச்சிகளாவது பொதுவாக வேண்டும். எங்கள் கூட்டுக்கு 12 மூட்டுகள். ஆகவே 30 குச்சிகள். எங்களிடம் இருந்தவை 24. குறைந்தவை ஆறு, சதுரங்களும் ஆறு! சதுரத்துக்கு ஒன்றாக மூலைவிட்டம் வைத்தால் போதும். சிறிய கூடுகளில் அந்த வேலையை இறுகிய முடிச்சுகளும் ஒட்டிய தாளுமே செய்துவிடுகின்றன. பெரிய கூட்டின் பாரத்தை அவை தாங்கா.

பின்னேரம் முதலில் தம்பியிடம்தான் போனேன். "முடிச்சில் பிழையில்லை, கணக்கில்தான் பிழை" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூற்பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். நாலடி மூன்றங்குலத்தில் ஆறு குச்சிகள் வெட்டினோம். அவனே கட்டினான்.

அன்றிரவு மழை கொட்டியது. காலையில் பார்த்தால் தாளெல்லாம் கிழிந்து கிடந்தது. சட்டகம் மட்டும் அசையாமல் நின்றது. மறுபடி தாள் ஒட்டினோம்.

தோழியரே, கூட்டாகச் செய்யும் வேலையொன்று சரிந்தால், கடைசியாகக் கை வைத்தவரை ஏசுவது எளிது. அதற்கு முன் குச்சிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.