ஹாம் ரேடியோவில் 'சோக்' எதற்கு? மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்தபோது, திருச்சி அருகே ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரமே சாய்ந்தது. கரண்ட் போய், செல்போன் டவர் பேட்டரியும் தீர்ந்துவிட்டால்? அதே ஆற்றின் கரையில் உள்ள அரியலூர் மாவட்டம் திருமழபாடி போன்ற ஊர்களுக்கு மிச்சமிருக்கும் வழிகளில் ஒன்று ஹாம் ரேடியோ. ஒரு கார் பேட்டரி, ஒரு ரேடியோ, கொஞ்சம் ஒயர். அவ்வளவுதான். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் தகவல்களை வெளியே கொண்டுவந்தது ஹாம் ரேடியோ வழியாகத்தான்.

ஆனால் அந்த நேரத்தில் எதிர்முனைக் குரல் இரைச்சலில் மூழ்கிவிட்டால் எல்லாம் வீண்.

கேபிளே ஆன்டெனா ஆவது எப்படி?

டிஷ் டிவிக்கு வருவது போன்ற கேபிள்தான் இங்கேயும். உள்கம்பியிலும், அதைச் சுற்றிய பின்னலின் உட்புறத்திலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓட வேண்டும். அதில் ஒரு பங்கு பின்னலின் வெளிப்புறமாக வீட்டுக்குத் திரும்பினால், அது 'காமன் மோடு' மின்னோட்டம். மைக்கைத் தொட்டால் சுரீர் என்கும். பக்கத்து வீட்டு டிவி மக்கர் பண்ணும். அதே பாதையில் எல்இடி பல்பு, சார்ஜர் இரைச்சலெல்லாம் ரேடியோவுக்குள் நுழையும்.

இதற்கு வைத்தியம், கேபிளை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றுவது. வெளிப்புற மின்னோட்டத்தை மட்டும் இது தடுக்கும்; உள்ளே போகும் சிக்னலைத் தொடாது.

அளப்பது எப்படி?

'நானோ விஎன்ஏ' என்ற கையடக்கக் கருவி போதும். பின்னலின் ஒரு முனையை முதல் போர்ட்டிலும், மறுமுனையை இரண்டாம் போர்ட்டிலும் இணைத்து, நடுவே சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். 50 ஓம் கருவியில் 20 டெசிபல் குறைந்தால் தடை சுமார் 900 ஓம். 30 என்றால் சுமார் 3,000 ஓம். ஒரே போர்ட்டில் அளந்தால் இவ்வளவு பெரிய தடைகளில் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும்.

இணைப்பு ஒயர்களும் ஏமாற்றும். இரு முனைகளுக்கும் இடையே வெறும் 2 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் ஒட்டிக்கொண்டாலே, 14 மெகாஹெர்ட்ஸில் அது 5,700 ஓம் பைபாஸ் ரோடு! சோக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மீட்டரில் தெரியாது. அதனால் ஒயர் குட்டையாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. மொத்த ஓம் அளவைவிட அதில் 'ரெசிஸ்டன்ஸ்' எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஃபெரைட் இல்லாமல் வெறுமனே சுருட்டிய கேபிள் பெரும்பாலும் இன்டக்டன்ஸ்தான். கேபிளின் நீளத்தைப் பொறுத்து வெளிப்புறப் பாதை கெப்பாசிட்டர் போல நடந்துகொண்டால், இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தடுக்க வைத்த சோக்கே மின்னோட்டத்தைக் கூட்டிவிடும்! 7 மெகாஹெர்ட்ஸில் நன்றாக வேலை செய்யும் சோக் 28-ல் சொதப்பலாம் என்பதால், பேசப்போகும் அலைவரிசையிலேயே அளப்பது நல்லது.

மேஜையில் வைத்து அளக்க லைசென்ஸ் வேண்டாம். மைக்கில் பேசுவதற்குத்தான் மத்திய அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும்.