எல்லாரும் மோட்டார் போட்டா என்னாகும்?

உங்க தெருவுல குழாய்த் தண்ணி வர்ற நாளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கோவில்பட்டிக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். கரிசக்காட்டு ஊர், குடிக்கிற தண்ணியே சீவலப்பேரியில் தாமிரபரணியில் எடுத்து, குழாய் வழியா வரணும். அது வர்ற அன்னைக்குத்தான் எங்க தெருவுக்குத் தீபாவளி.

எதிர்வீட்டு அத்தை குடத்தோட நிக்கிறாங்க. திடீர்னு பக்கத்து வீட்டுல 'கொர்ர்ர்'னு ஒரு சத்தம். குழாயில மோட்டாரை மாட்டி உறிஞ்ச ஆரம்பிச்சாச்சு! நம்ம வீட்டுத் தண்ணி நூலா மெலியுது. "அவங்க போட்டா நாமளும் போட வேண்டியதுதான்"னு அப்பா கிளம்புறார். கொஞ்ச நாளில் தெரு முழுக்க மோட்டார். கிடைக்கிறது அதே பழைய அளவு தண்ணிதான், கூடவே கரண்ட் பில். மோட்டார் வாங்க முடியாத தெருக்கோடி வீட்டுக்கு மட்டும் வெறும் காத்து.

"அப்போ எல்லாரும் கழட்டிருங்க"ன்னு சொல்றது ஈஸி பாஸ். நீங்க ஒருத்தர் மட்டும் கழட்டினா நட்டம் உங்களுக்குத்தான். தனியாளா யார் முடிவை மாத்தினாலும் லாபமில்லாத இந்த நிலைக்குத்தான் 'நாஷ் சமநிலை'ன்னு பேர். 1950-ல் ஜான் நாஷ் சொன்னது. 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படம் பார்த்திருப்பீங்களே, அதே ஆள். கேம் தியரியின் நெஞ்சுப் பகுதி இது.

நம்ம செல்போனும் மோட்டார் மாட்டுற பார்ட்டிதான். ஒரே டவருக்குக் கீழே எல்லா போனும் சத்தமா கத்தினா, யார் சொல்றதும் டவருக்குக் கேக்காது, பேட்டரிதான் காலி. அதனால 3ஜி-யை வடிவமைச்சவங்க, "சத்தத்தைக் கூட்டு, குறை"ன்னு டவரே ஒவ்வொரு போனுக்கும் விநாடிக்கு 1500 தடவை கட்டளை போடுற மாதிரி வச்சாங்க. கண்மாய்ப் பாசனத்துல மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போன்னு முடிவு பண்ற நீர்க்கட்டி இருப்பாரே, அந்த வேலையை டவர் பார்த்தது.

இப்போ புதுசா ஒரு குழாய் வருது. பேரு எட்ஜ் கம்ப்யூட்டிங். போனால் முடியாத கணக்கைத் தூரத்து டேட்டா சென்டருக்கு அனுப்பாம, டவர் பக்கத்துலயே ஒரு சர்வரை வச்சு முடிக்கிற ஐடியா. மிளகாய்ச் செடியில என்ன நோய்னு போட்டோ எடுத்துக் கேக்குறீங்கன்னு வைங்க. சென்னை இங்கேருந்து சுமார் 550 கி.மீ.; ஃபைபரில் ஒளி போய் வர ஆறு மில்லி செகண்ட்கூட ஆகாது. அப்புறம் ஏன் தாமதம்? வழியெல்லாம் க்யூ! அந்த க்யூவைக் குறைக்கத்தான் பக்கத்துல சர்வர். ஆனா அந்தக் குட்டி சர்வருக்கே க்யூ வந்தா?

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் விழாது. ஹாஸ்டல்ல 10 பேர். போனிலேயே வேலையை முடிச்சா 4 விநாடி. சர்வருக்கு ஒருத்தர் மட்டும் அனுப்பினா 1 விநாடி. ரெண்டு பேர்னா ஆளுக்கு 2, மூணு பேர்னா 3. அவனவன் இஷ்டத்துக்கு விட்டா நாலு பேர் வரைக்கும் உள்ளே நுழைவாங்க, அஞ்சாவது ஆள் ஒதுங்கிருவான். இப்போ உள்ளே இருக்கிறவனுக்கும் 4 விநாடி, வெளியே நிக்கிறவனுக்கும் 4 விநாடி. சர்வர் வாங்கின காசு தண்டம்!

இந்த மாதிரிப் போட்டியில் போன்கள் முடிவை மாத்திக்கிட்டே இருந்தாலும் கடைசியில் ஒரு சமநிலையில் வந்து நிக்கும்னு ஷூ சென் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் நிரூபிச்சிருக்காங்க. நிக்கும், சரி. நல்ல இடத்துலதான் நிக்கணும்னு கட்டாயமில்லையே.

ரெண்டு பேரை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்க. அவங்களுக்கு 2 விநாடி, மத்த எட்டுப் பேருக்கு 4. மொத்தம் 40-லிருந்து 36 ஆகுது. இதுக்கு மேல குறைக்க முடியாது, வேணும்னா போட்டுப் பாருங்க. அந்த ரெண்டு பேர் யாரு? அதுலதான் சண்டையே!

ஒரு வழி, சர்வருக்குக் கட்டணம் வைக்கிறது. ரெண்டு விநாடிக்குச் சமமான விலை வச்சா, கணக்குப்படி சரியா ரெண்டு பேரோட நின்னுரும். பொருளாதாரப் புத்தகத்துல அழகா இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் காசு உள்ள அதே ரெண்டு பேர்தானே உள்ளே போவாங்க? மழையை நம்பி மானாவாரி உளுந்து போடுறவரோட போன் எப்பவும் வெளியேதான்.

இன்னொரு வழி, முறை வைக்கிறது. அஞ்சு சுற்று, சுற்றுக்கு ரெண்டு பேர். ஒவ்வொருத்தருக்கும் சராசரி 3.6 விநாடி, பத்துப் பேருக்குமே லாபம். நம்ம பக்கத்துல இதுக்கு முறைப்பாசனம்னு பேரே இருக்கு. பொதுச் சொத்தைப் பயன்படுத்துறவங்களே விதி வச்சுக் காப்பாத்த முடியும்னு ஊர் ஊரா ஆராய்ஞ்சு காட்டின எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைச்சது. அந்தப் பரிசு வாங்கின முதல் பெண் அவங்கதான். என் ஓட்டு முறைப்பாசனத்துக்கே. ஒரு சிக்கல் உண்டு: "என் வேலைதான் அவசரம்"னு எல்லா போனும் பொய் சொல்லும். வரிசையில "வீட்டுல புள்ள அழுவுது"ன்னு முந்துறவங்களை நாம பார்த்ததில்லையா என்ன?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலையுறவங்களே, 10-க்குப் பதிலா 100 போன் வச்சு பைத்தானில் ஓட்டிப் பாருங்க. அதுல ஒரு போனை டவரிலேருந்து ரொம்ப தூரத்துல, ஒரே ஒரு கோடு சிக்னலோட வைங்க. மொத்த நேரத்தை மட்டும் பிரிண்ட் பண்ணாம, அந்தத் தெருக்கோடி போனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு தனியா ஒரு வரி போடுங்க. நான் ஓட்டினப்போ மொத்தம் நல்லாவே குறைஞ்சுது. அந்த ஒரு போனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் முறையே வரல.