தேநீர்ச் சுவையும் தமிழ்ச் சொல்லும்

சுவை ஆறு என்பது தமிழ்ப் பிள்ளைகள் இளமையிலேயே மனப்பாடஞ் செய்வதொன்று. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுவார்கள். 'துவர்ப்பு என்பது எப்படியிருக்கும்?' என்று கேட்டாலோ வகுப்பு மௌனமாகிவிடும். ஒருவன் பாக்கைச் சொல்வான். மற்றொருவன் வாழைப்பூவைச் சொல்வான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிறந்து, காலையும் மாலையும் தேநீர் பருகி வளர்ந்த மலைநாட்டுப் பிள்ளைகளும் தேநீரைச் சொல்வதில்லை. சீனி துவர்ப்பை மறைத்துவிடுகிறது என்பது ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

மேனாட்டார் தம் திராட்சை மதுவைச் சுவை பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். கிண்ணத்தை ஒளியிற் பிடித்து நிறம் பார்ப்பர், மணம் பார்ப்பர், ஒரு வாய் கொண்டு நாவெங்கும் பரப்பிப் பின் உமிழ்வர். எந்த மதுவுக்கு எந்த உணவு இசையும் என்பதற்கும் அவர்களிடம் விதியுண்டு. மீனுணவுக்கு வெள்ளை மதுவே ஏற்றதென்பது அவற்றுள் ஒன்று. தோல் நீக்கிப் பிழிந்த சாற்றினின்று ஆவது வெள்ளை மது. தோலோடு நொதிப்பது சிவப்பு மது. தோலிலுள்ள துவர்ப்பெல்லாம் சிவப்பில் இறங்கிவிடும். மதுவிற் கரைந்துள்ள இரும்பே மீனோடு கூடிக் கெட்ட வாடையை எழுப்புகிறது என்று 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் சிலர் காட்டினர். பழைய விதிக்குப் புதிய காரணம் கிடைத்தது.

நான் மதுவருந்தாதவன். ஆயினும் புறநானூறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு யவனர் மரக்கலத்திற் கொணர்ந்த தேறலைப் பற்றிச் சொல்லாமல் தப்ப வழியில்லை. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் அங்கே மத்தியதரைக் கடற்பக்கத்து மதுச்சாடிகளின் ஓடுகளைக் கண்டெடுத்தபோது, பாட்டிற் சொன்னது மண்ணிலும் இருந்தது தெளிவாயிற்று. கள், நறவு, மட்டு, தோப்பி, பிழி, தேறல் என்று நம் முன்னோர் இட்ட பெயர்கள்தாம் எத்தனை! அவற்றுள் தேறல் என்பது தெளிந்தது என்னும் பொருளது. வண்டல் தங்கத் தெளிவை மாத்திரம் இறுத்தெடுத்ததற்கு ஒரு தனிச்சொல் வைத்திருந்த மக்கள் நாவின் நுட்பம் அறியாதவரல்லர்.

இந்தக் கலை இலங்கையில் திராட்சையைச் சாராமல் தேயிலையைச் சார்ந்து வளர்ந்திருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், 1883இல் கொழும்பில் முதல் ஏலம் நடந்ததும் பாடப்புத்தகங்களிலேயே உள்ளன. அதன்பின் தேயிலையைச் சுவைத்து விலை மதிப்பதே ஒரு தொழிலாயிற்று. கொழும்பில் அத்தொழில் செய்வோர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைத்து உமிழ்கின்றனர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ஏலம் மின்வலைக்கு மாறியது. ஆயினும் நாவின் வேலையை எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதை நேரிற் காணும் வாய்ப்பு டயகமவில் எனக்குக் கிடைத்தது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதை அது. ஹோட்டன் சமவெளியின் விளிம்பு மேலே நிற்க, ஆக்ரா ஓயா கீழே ஓட, இடைப்பட்ட சரிவெல்லாம் தேயிலை. என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அங்குள்ள தொழிற்சாலையொன்றில் தேயிலை தயாரிப்பவருக்கு உதவியாளராக இருக்கிறார். 'ஐயா, மாசி மாதத்தில் வாருங்கள். அப்போதுதான் எங்கள் தேயிலை பேசும்' என்று அழைத்திருந்தார்.

மாசி என்று அவர் சொன்னது காரணத்தோடுதான். டயகம திம்புள்ளப் பிரதேசத்தைச் சேர்ந்தது. தை, மாசி, பங்குனி மாதங்களில் மேற்குச் சரிவுகளில் மழை ஒதுங்கும். பகலில் வறண்ட காற்று வீசும். இரவிற் குளிர் நடுக்கும். செடி தளிர்ப்பது மந்தமாகும்; பறிக்கும் கொழுந்து குறையும்; அக்குறைந்த கொழுந்திலே மணம் திரண்டு நிற்கும். ஊவாப் பக்கத்துக்கு இதே நிலை ஆடி, ஆவணியில் வரும். ஒரே தீவில் ஒரு மலைத்தொடரின் இருபுறமும் இருவேறு காலங்களில் சுவை முதிர்கிறது.

சுவை மேசை மிக எளியது. வாட்டிய கொழுந்தை உருட்டி, விரித்து, காயவைத்து, சலித்தெடுத்த அவ்வாரத்துத் தேயிலைகள் ஏழு, வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களின் முன் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கொதித்த நீரை ஊற்றி மூடி, மணி பார்த்து வடித்தார்கள். 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது 1980இல் உலகத் தரநிலையாக எழுதப்பட்ட அளவு. அதே ஆண்டில் பிரித்தானியரும் இதற்கென ஒரு தரநூல் வெளியிட்டனர். ஒரு கிண்ணம் தேநீர் வைப்பதற்குப் பல பக்கங்களா என்று நகைத்து, 1999இல் அமெரிக்காவிலே அதற்கு 'இக் நோபல்' என்னும் கேலிப் பரிசு வழங்கினார்கள். பரிசு இலக்கியத் துறையிலாம்! உரையாசிரியர்களைக் கற்ற எனக்கு அந்த விரிவு மிகையாகத் தோன்றவில்லை.

மாணவர் கரண்டியால் மொண்டு, சீறும் ஒலியோடு உறிஞ்சினார். நாகரிகமற்ற ஒலி என்று எண்ணவேண்டாம். காற்றோடு உறிஞ்சினால்தான் மணம் தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறும். சுவை என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி மூக்கின் வேலையே. நான்காம் கிண்ணத்திலே அவர் முகம் சற்றுச் சுளித்தது. 'புளித்தது கூடிவிட்டது, ஐயா, ஒளியில்லை' என்றார். உற்றுப் பார்த்தேன், மற்றவை செம்புபோல் மின்ன, அது மங்கிக் கிடந்தது.

அந்தச் சுளிப்பைக் கண்டதும் எனக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் பேராசிரியர் உரையும் நினைவுக்கு வந்தன. சுவைக்கப்படும் பொருள், அதைப் பொறி உணர்ந்த உணர்வு, அது மனத்திற் பட்டவழி எழும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பிற் புலப்படும் விறல் என்று நான்காகப் பகுத்துக்காட்டுவர் அவர். மேசைமேல் இருந்தது பொருள். நாவிற் பட்டது உணர்வு. 'இது தவறியது' என்றது குறிப்பு. சுளித்த முகம் விறல். நாடகத்துக்கும் செய்யுளுக்கும் வகுத்தது தேயிலைக்கும் அளவெடுத்ததுபோற் பொருந்துகிறது.

ஆனால் அந்த மேசையிற் புழங்கிய சொற்கள்? 'பிரிஸ்க்', 'பொடி', 'பிரைட்', 'பன்ஜன்ட்', 'ஸ்டூட்', 'மெல்லோ' என்பனவே. கொழுந்து பறிப்பவர் தமிழர், உருட்டுபவர் தமிழர், சலிப்பவர் தமிழர். சுவைத்தவுடன் மொழி மாறிவிடுகிறது. கொழும்பிலிருந்து வரும் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான். 'தமிழிற் சொல்ல முடியுமா, ஐயா?' என்று மாணவர் கேட்டார். அன்று மாலை ஒரு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தோம்.

'பிரைட்' என்பதற்கு ஒளி போதும். 'பொடி' என்பதற்கு உடல் என்று நேரே பெயர்த்தல் ஆகாது, வாயில் உணரும் கனத்தைத்தான் அவர்கள் சொல்கிறார்கள், ஆகவே கனம். 'பிரிஸ்க்' என்பது சோர்வின் எதிர்ப்பதம்; உயிர்ப்பு என்று எழுதினேன். 'பன்ஜன்ட்' என்பதிலேதான் வழுக்குமிடம். அகராதியைப் பார்த்துக் காரம் என்று எழுதுவோர் உண்டு. தேநீரில் மிளகு ஏது? கைப்பில்லாமல் நாவை இறுக்கும் துவர்ப்பையே தேயிலைக்காரர் அப்பெயரால் வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்தார் வாழைக்காயின் கயர் என்பதும் இக்குணத்தையே. இன்றைய உடலியலார் துவர்ப்பைச் சுவையாகக் கொள்ளாமல் ஊற்றுணர்வு, அதாவது தொடுவுணர்வு, என்பர். கார்ப்பை எரிவு என்பர். நம் முன்னோர் இரண்டையும் சுவையுள் அடக்கினர். எவ்வாறாயினும் இரண்டுக்கும் வெவ்வேறு சொல் நம்மிடம் இருக்க, ஒன்றை மற்றொன்றாக்குவது தகாது.

புளித்தல் என்பதும் இப்படியே. நூல்கள் நொதித்தல் என்கின்றன. திராட்சைச் சாற்றில் நடப்பது நொதித்தல். அங்கே நுண்ணுயிர் வேலை செய்கிறது. தேயிலையிலோ நசுங்கிய இலையின் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடுகிறது, அவ்வளவே. அப்போது தோன்றும் தியாபிளேவின் ஒளியையும் உயிர்ப்பையும் தரும். தியாருபிகின் நிறத்தையும் கனத்தையும் தரும். முன்னது பின்னதாக மாறிக்கொண்டே போகும். நான்காம் கிண்ணம் மங்கியதற்கு நேரம் கடந்ததே காரணம். சிவத்தல் என்று ஒரு சொல்லை நான் முன்வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் தொழிற்சாலையாரின் உரிமை.

மறுநாள் மாணவரின் வீட்டுக்குச் சென்றேன். லயத்தில் நான்காவது காம்பரா. அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். நுவரெலியாக் கடையில் இரண்டு சிறு பொதிகள் வாங்கிச் சென்றிருந்தேன். ஒன்று திம்புள்ளப் பி.ஓ.பி.; மற்றொன்று 'சில்வர் டிப்ஸ்' எனப்படும் வெண்தேயிலை. விரியாத மொட்டுக்களை மட்டும் பறித்து, உருட்டாமல் சிவக்கவிடாமல் உலர்த்துவது அது. மொட்டின்மேல் வெண்மயிர் அப்படியே படிந்திருக்கும். தேயிலைத் தரப்பெயர்களில் வரும் 'பெக்கோ' என்பதும் இந்த வெண்மயிரைக் குறித்த சீனச் சொல்லே. 'தே' என்பதும் சீனத்து அமோய் நாட்டார் வழக்கு. தேநீரைத் தேன் கூட்டல் நீர் என்று பிரிக்கும் மாணாக்கரை நான் அடிக்கடி திருத்தவேண்டியிருக்கிறது.

வீட்டுத் தூள் ஒன்று, இவை இரண்டு, ஆக மூன்று கிண்ணம் சீனியில்லாமல் வடித்து வைத்தோம். அம்மையார் முதலில் தயங்கினார். பிறகு பி.ஓ.பி.யைப் பருகிச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

'இது நாக்கப் புடிக்குதுங்க, ஐயா. பொறவு விட்டுருது. விட்டதும் வாய் ஊறுது' என்றார்.

பிடித்தல், விடுதல், ஊறுதல். நல்ல துவர்ப்பின் முழு நடையையும் மூன்று வினைச்சொற்களில் அவர் சொல்லிவிட்டார். புத்தகத்தில் என் சொற்களுக்கு மேலே அவற்றை எழுதச் சொன்னேன். வெண்தேநீரைப் பருகியதும் அவர் சிரித்துவிட்டார். 'இது கொழுந்து கழுவுன தண்ணி!' அதன் விலையைக் கேட்டபோது சிரிப்பு நின்றது.

அப்போதுதான் மற்றொன்றும் சொன்னார்: 'நாங்க பறிச்சது இப்பிடி இருக்குமுன்னு இன்னிக்குத்தான் தெரியுது.' தோட்டத்திற் கொடுக்கும் தூளே வீட்டில் வழங்குவது. முழு இலையும் உடைத்த இலையும் கப்பலேறிவிடுகின்றன. தூள் தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. தரப்பெயரெல்லாம் பருமனைக் குறிப்பனவே. தூளுக்குக் கனமும் நிறமும் மிகுதி. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள் தம் கையால் ஆனதன் மணத்தை அறியாதிருந்தால், அவர்கள் பிள்ளைகள் வகுப்பிலே துவர்ப்புக்குப் பாக்கைத்தானே சொல்வார்கள்? முன்னே நான் நிறுத்திவைத்த காரணம் இதுவே.

பின்பு எந்தத் தேநீருக்கு எந்த உணவு என்று பார்த்தோம். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பி.ஓ.பி.யைப் பருகினால் இனிப்பும் துவர்ப்பும் மாறிமாறித் தோன்றும். நீரிலே சீனியைக் கரைத்தால் அந்த மாற்றம் இல்லை. தூளுக்குப் பாலே துணை. பாலின் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால் அது மெத்தென்றாகிறது. வெண்தேநீர் எந்த உணவையும் தாங்காது, தனியே பருகத்தக்கது. அம்மையார் சுட்ட ரொட்டிக்கும் சம்பலுக்கும் சுடுதேநீர் நாவிற்கு எரிச்சலைக் கூட்டியது. உறைப்பும் சூடும் நாவில் ஒரே வழியால் உணரப்படுவன. இரண்டும் கூடினால் எரிவு பெருகாமல் என் செய்யும்? என் கண்ணில் நீர் வந்தது, அதுவும் விறலே.

ஆனால் ரொட்டியும் சாயத்தண்ணீரும் சேர்ந்ததே லயத்துக் காலையுணவு. இங்கே நாவுக்கு மேற்பட்ட ஒரு செய்தி உண்டு. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் மரக்கறி, தானியம் முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுப்பன. இறைச்சி அரிதாகவும் கீரை மிகுதியாகவும் உண்ணும் பெண்களுக்குச் சோகை நேர இதுவும் ஒரு வாயில். உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் பருகுதல் நன்று என்பர் மருத்துவர். இதைச் சொன்னபோது அம்மையார், 'மலைக்கு ஏறுமுன்ன ஒரு மணி நேரம் எங்கேயிருந்துங்க வரும்?' என்று கேட்டார். மறுமொழி சொல்ல என்னிடம் சொல் இல்லை. தேசிக்காயைச் சம்பலிற் பிழிந்துகொள்ளலாம். அதன் புளிப்பு இரும்பு சேர உதவும் என்று மட்டும் சொன்னேன். அது அவர்கள் வழக்கத்தில் ஏற்கெனவே இருப்பதுதான்.

குறிப்புப் புத்தகத்தில் ஒரு சொல் இன்னும் முடியவில்லை. 'மெல்லோ' என்பதற்குக் கனிவு என்று நான் எழுதினேன். பதம் என்பதே பொருந்தும் என்கிறார் மாணவர். அம்மையாரைக் கேட்டோம். 'பச்ச வாட போனது' என்றார். தேயிலைக்காரரின் சொற்கோவையிலும் அதற்குப் பச்சை மணத்தின் எதிர்ப்பதம் என்றே விளக்கம் இருக்கிறது. மூன்றையும் எழுதி வைத்திருக்கிறோம். பொருத்தமான வேறு சொல் அறிந்த மலைநாட்டு அன்பர்கள் எழுதி உதவுவார்களாக.